குளத்தைச் சுற்றிய வண்டி

ஓய்வுபெற்ற வட்டப்பாதைப் பேருந்து ஓட்டுநருக்குப் பின்னால் குளத்தைச் சுற்றி நடந்தவர்கள் எவருக்கும் ஏழு வருடங்களாகக் கால் வலித்ததில்லை. வலி எங்கும் போய்விடவில்லை. மொத்தமும் அவருக்கு வலித்தது. இதை முதலில் கண்டுபிடித்தவர் குளத்தை ஒட்டிய காட்டின் முகப்பில் உட்கார்ந்து செருப்புத் தைப்பவர். ஓட்டுநரின் செருப்பு ஒன்பதே நாளில் அடி தேய்ந்து ஓட்டையாகிவிடும். பின்னால் போனவர்களின் செருப்போ கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். "அந்த ஒரு மனுஷன் தேய்க்கிறதை வச்சு நான் எப்படிங்க குடும்பம் நடத்துறது?" என்று அவர் வருவோர் போவோரிடமெல்லாம் அங்கலாய்த்தார்.

பாதையைக் குறை சொல்ல முடியாது. முகப்புப் பலகையில் 'எளிய பாதை, இரண்டரை கிலோமீட்டர், நாற்பது நிமிடம்' என்று எழுதியிருக்கும். மேடு பள்ளம் கிடையாது. வேர் புடைத்த இடத்தில் பார்த்துக் காலை வைக்க வேண்டும், சேற்றுப் பகுதியில் ஒரு பலகைப் பாலம், சாய்ந்த மரம் ஒன்றுக்குத் தலையைக் குனிய வேண்டும், அவ்வளவுதான். வழி நெடுக, எண் எழுதிய பதினோரு மரக்கட்டைகளை நட்டு வைத்திருந்தார்கள். வினையே அந்தக் கட்டைகள்தான். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர் என்று வந்த ஓட்டுநருக்கு, முதல் நாளே, எண் போட்ட கட்டையைக் கண்டதும் கால் தானாக நின்றுவிட்டது. முப்பத்தொரு வருடம் ஒரே வட்டத்தில் ஓட்டிய கால் வேறென்ன செய்யும்? ஒவ்வொரு கட்டையிலும் இருபது எண்ணி, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். நிற்கிற ஆளுக்குப் பின்னால் நாலு பேர் வந்து நிற்பது உலக வழக்கம். ஆறாவது கட்டையில் ஒரு தபால்காரர் ஏறிக்கொண்டார். அடுத்த வாரம் நிறைமாதக்காரி ஒருத்தி, அப்புறம் நாள் முழுக்க நின்றே பாடம் நடத்தும் கணக்கு வாத்தியார். மூன்றாம் மாதம் அறுபது பேர் ஆகிவிட்டார்கள். உட்கார நாற்பது, நிற்க இருபது என்பது அவருடைய பழைய வண்டியின் அளவு. அறுபத்தொன்றாவது ஆள் வந்தால், காடு முழுக்க இடம் கிடந்தாலும், கையைப் பக்கவாட்டில் நீட்டி, "பின்னாடி வருது, பின்னாடி வருது" என்று சொல்லிக்கொண்டே கடந்துவிடுவார். பின்னால் ஒன்றும் வராது என்பது அவருக்கும் தெரியும்.

அவர் களைத்துப்போயிருந்தார். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தால் அறுபது ஜோடிக் கால்கள் ஒன்றாக விண்விண் என்று தெறிக்கும். ஒரு நாள் போகாமல் இருக்கலாமே என்றால், கட்டையருகே ஜனங்கள் காத்துக்கொண்டிருப்பார்களே என்ற நினைப்பே அவரை எழுப்பிவிடும். வருடங்கள் இப்படியே போயின. அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: மனைவியை ஒரு தடவை குளத்தைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் நின்றபடியே படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவள். முட்டி இரண்டும் போய்விட்டன. நடந்தால் சரியாகும் என்று சொன்ன டாக்டரிடம், "நடக்க முடிஞ்சா நான் எதுக்குங்க உங்ககிட்ட வர்றேன்?" என்று கேட்டுவிட்டு வந்தவள்.

"என் பின்னாடி வந்தா வலிக்காது. ஒரு தடவை வந்து பாரேன்" என்று அவர் ஏழு வருடமாகக் கூப்பிட்டார்.

"உங்க வண்டியில இடம் இருக்காது" என்பாள்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும். கல்யாணமான இரண்டாம் வருடம், கொட்டுகிற மழையில், வேலை முடிந்து அவள் குடையோடு நிறுத்தத்தில் நின்றாள். வண்டியில் அறுபது பேர். அவர் கையை வெளியே நீட்டி, பின்னாடி வருது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெண்டாட்டிக்கு ஒரு சட்டம் ஊருக்கு ஒரு சட்டமா என்று அன்றைக்கு அவருக்குப் பெருமை வேறு. பின்னாடி எந்த வண்டியும் வரவில்லை. ஏழு கிலோமீட்டர் நடந்து வந்தவள், துணி மாற்றிக்கொண்டு, அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். அதன்பிறகு அவள் அவருடைய வண்டியில் ஏறவே இல்லை. எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள், ஒன்றிலும் அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் அவருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

எட்டாம் வருடத் தொடக்கத்தில் ஒரு காலை, அவருடைய பாதங்கள் செருப்புக்குள் நுழைய மறுத்தன. வெறுங்காலோடு போனார். அவர் போனதும் அவள் குடையை ஊன்றிக்கொண்டு புறப்பட்டாள். சாலையிலிருந்து ஏழாம் கட்டைக்கு ஒரு குறுக்குவழி உண்டு, முந்நூறு அடி. அதற்கு அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் அறுபது பேரோடு சாய்ந்த மரத்தைக் குனிந்து தாண்டி நிமிர்ந்தபோது, கட்டையருகே அவள் நின்றுகொண்டிருந்தாள். மழை இல்லை, ஆனாலும் குடையை விரித்துப் பிடித்திருந்தாள்.

அவருடைய கை, பாழாய்ப்போன கை, பக்கவாட்டில் நீண்டுவிட்டது. "பின்னாடி..." என்று வாயும் தொடங்கிவிட்டது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வீங்கிய பாதங்களைப் பார்த்தாள். அவர் கையை இறக்கினார். நடுவழியில் ஒருவரையும் இறக்கிவிட்டதில்லை என்பதுதான் அவர் உத்தியோகத்தின் ஒரே மெடல். அவர் திரும்பி நின்று சத்தமாகச் சொன்னார்: "எல்லாரும் இறங்குங்க. வண்டி டிப்போவுக்குப் போகுது."

அறுபது பேரும் பாதையைவிட்டு மரங்களுக்குள் விலகினார்கள். அவரவர் வலி அவரவருக்கு ஒரேயடியாக வந்து சேர்ந்ததில் பலர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். கணக்கு வாத்தியார், "சரிதான், அவருக்கும் வயசாகுதுல்ல" என்று கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டார்.

அவள் குடையை மடக்கி அவர் பின்னால் வந்து நின்றாள். அவர் இருபது எண்ணினார். முதல் அடி வைத்ததும் அவருடைய முட்டி இரண்டும் மளுக்கென்று மடங்கப் பார்த்தன. அறுபது பேரைச் சுமந்தபோதுகூட இப்படிக் கனத்ததில்லை. இஸ்திரிப் பெட்டியின் சூடும் சிமெண்டுத் தரையின் குளிரும், ஏழு கிலோமீட்டர் மழையும் அதில் இருந்தன. இதோடுதான் இவள் இத்தனை வருடம் வீட்டுக்குள் நடமாடினாளா என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

"கனக்குதா?" என்று அவள் பின்னாலிருந்து கேட்டாள்.

"இல்ல."

"நல்லாக் கனக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பதினோராம் கட்டை வரை எல்லா நிறுத்தத்திலும் நின்று போனார்கள். மறுநாள் முதல் குளத்தைச் சுற்றியவர்களுக்குக் கால் வலித்தது. யாரும் புகார் எழுதவில்லை. செருப்புத் தைப்பவருக்கு வேலை குவிந்தது. ஓட்டுநரின் செருப்பு இப்போதும் ஒன்பது நாளில் தேய்கிறது, அவர் மனைவியின் செருப்பு தேய்வதில்லை. அதைப் பற்றிச் செருப்புத் தைப்பவர் ஒன்றும் கேட்பதில்லை, ஒன்பதாம் நாள் தோலை வெட்டி எடுத்து வைத்துவிடுகிறார்.