வயலுக்குள் சொன்ன பதில்

உருளைக்கிழங்கு வயலில் நின்றுகொண்டு விளைச்சலைக் குறை சொல்ல அந்த மலையில் யாருக்கும் நா எழாது. மண்ணுக்குள் குடியிருக்கும் கிழங்குத் தாய்க்குக் காது கூர்மை. பழித்தால் கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவாள். குறையிருந்தால் வயலை விட்டுப் பாதைக்கு வந்துதான் பேச வேண்டும். இது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தலைநகர் லிமாவிலிருந்து வந்த ரொசியோவுக்குத் தெரியாது, பாவம்.

விளைச்சலையும் வறுமையையும் ஆராய்பவள் அவள். ஊராருக்கு இன்ஜினியரம்மா. அவள் சொல்வதை வைத்துத்தான் அரசாங்கம் வெட்டப்போகும் வாய்க்கால் எந்த ஊருக்கு என்று முடிவாகும் என்று பேசிக்கொண்டார்கள். வாய்க்கால் வந்தால் மழைக்கு முன்பே ஒரு போகம் நடலாம். சத்துர்னினாவின் புருஷன் மெலித்தோன் காட்டாற்றில் தங்கம் அரிக்கப் போகாமல் வீட்டோடு இருக்கலாம். அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். அந்த ஆற்றுக்குப் போனவர்களில் சிலர் திரும்பியதே இல்லை.

ரொசியோ சத்துர்னினாவின் வயலில் ஒரு சதுரம் அளந்து தோண்டி, கிழங்கை எடை போட்டாள். பனியில் கருகிய செடிகளுக்கு நடுவே அந்தச் சதுரம் மட்டும் பரவாயில்லாமல் விளைந்திருந்தது.

"காத்து ஆள அடிக்குதேக்கா. வீட்டுல போய் உக்காந்து பேசலாமா?" என்றாள்.

சத்துர்னினாவுக்குத் திக்கென்றது. வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு கிண்ணம் சூப்பாவது கொடுக்க வேண்டாமா? அடுப்பில் பூனை படுத்திருந்தது.

"இங்கயே கேளுங்கம்மா, வெயில் நல்லாருக்கு."

"போன அறுப்புக் கிழங்கு இந்த அறுப்பு வரைக்கும் காணுதா?"

காலடியில் கிழங்குத் தாய் கேட்டுக்கொண்டிருக்கிறாள். என்ன சொல்வாள்?

"போதும்மா. எங்களுக்குப் போதும்."

பாதைக்கு வந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். ரொசியோ பாதைக்கே வரவில்லை. வரப்பைத் தாண்டி நாத்தனார் இலாரியாவின் வயலுக்குள் இறங்கிவிட்டாள். அங்கிருந்து அடுத்த வயல். ஊர் முழுக்க வயலுக்குள்ளேயே கேட்டாள், ஊர் முழுக்கப் போதும் என்றது.

வாய்க்கால் எதிர்மலை ஊருக்குப் போய்விட்டது.

"வயிறு முட்டத் தின்னவ மாதிரில்ல சொல்லியிருக்க, மதினி," என்றாள் இலாரியா.

"நீ மட்டும் என்ன சொன்னியாம்?"

"நானும் அதத்தான் சொன்னேன். ஆனா என்னைய யாரும் வீட்டுல போய்ப் பேசலாமான்னு கேக்கலியே."

சத்துர்னினா அன்றைக்கு நடந்ததையே நினைத்து நினைத்துப் பார்த்தாள். வறுத்த சோளத்தைக் கொடுத்தாவது சமாளித்திருக்கலாம். வெறும் வெந்நீரைக் கொடுத்திருந்தால்கூட அந்தப் பெண் குடித்திருப்பாள். அடுப்பைப் பார்த்திருந்தால் கேள்வியே கேட்டிருக்க மாட்டாள். ஒரு கிண்ணம் சூப்புக்கு வெட்கப்பட்டு ஊரின் தண்ணீரை விட்டுவிட்டோமே என்று அவள் நெஞ்சு வெந்தது. மெலித்தோன் மூட்டை கட்டும்போது ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அவன் திட்டியிருந்தால் தேவலை. போனவனிடமிருந்து அப்புறம் சேதியும் இல்லை.

மறுவருஷம் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞன் வயலுக்குள் வந்தான். அவனும் ஆராய்ச்சிதான் என்றான்.

"வெளைச்சல் எப்படிம்மா?"

அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள். இந்தத் தடவை பாதைவரை காத்திருக்க அவள் தயாராயில்லை.

"பத்தல. ஒரு வருஷமும் பத்தினதில்ல. பாதி பனியில போவுது, பாதி புழு தின்னுது. பிள்ளைங்க பசியோட படுக்குதுங்க. எழுதிக்கோங்க தம்பி, அந்த வாய்க்கால் எங்களுக்கு வரவேண்டியது."

பையன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான். "வாய்க்கால் விஷயம் போன வருஷமே முடிஞ்சிருச்சும்மா. நான் வந்தது உரம் என்ன வெலைக்கு வாங்குறீங்கன்னு கேக்க."

"நாங்க உரமே வாங்குறதில்லையே."

"அப்ப சரிம்மா," என்று அவன் வரப்பைத் தாண்டி இலாரியாவின் வயலுக்குள் இறங்கினான்.

சத்துர்னினா அப்போதுதான் காலடியைப் பார்த்தாள். செடிகள் பூத்திருந்தன. மெலித்தோன் போய்விட்டான், தண்ணீர் போய்விட்டது, இனி கிழங்குத் தாயும் கோபித்துக்கொண்டு போய்விட்டால்? அவள் மண்டியிட்டு, செடியின் அடியில் மண்ணை அள்ளி அணைத்தாள்.

"கோவிச்சுக்காத தாயி. சும்மா சொன்னேன். போதும். நீ குடுக்கிறது எங்களுக்குப் போதும்."