எட்டுப் பேர், ஒரு குதிரை

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாம் மாடியில் மோகனப்பிரியா வளர்த்த குதிரைக்கு எடை கிடையாது. கிராஞ்சித் திடலில் குதிரைப் பந்தயம் நின்ற பிறகு மற்றக் குதிரைகளை வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்பினார்கள். தந்தி என்ற இந்தப் பழுப்புப் பெண்குதிரையை எடைமேடையில் நிறுத்தியபோது எண் பூஜ்யத்தைவிட்டு நகரவில்லை. மேடையை மாற்றிப் பார்த்தார்கள், அதிலும் பூஜ்யம். எடை இல்லாத சரக்கை விமானத்தில் ஏற்றப் படிவம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மோகனப்பிரியாவுக்குத் தேக்காவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஞாயிறுதோறும் லாயத்துக்குப் போய்க் குதிரைகளுக்கு உடம்பு தேய்த்துவிட்டு வருவாள். அவள் கையெழுத்துப் போட்டாள், கயிற்றைப் பிடித்தாள், வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். வீட்டில் நாய் எத்தனை இருக்கலாம், பூனை எத்தனை இருக்கலாம் என்று விதி இருந்தது. குதிரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தந்தி கூடத்தில் நின்றபடியே தூங்கும். விசிறியை மூன்றில் வைத்தால் மெல்ல மிதந்து சமையலறைக்குள் போய்விடும் என்பதால் ஒன்றில் வைத்து, குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடியோடு கட்டியிருந்தாள். காலையில் இருவரும் மின்தூக்கியில் இறங்குவார்கள். எல்.ஆர்.டி. ரயிலின் மேம்பாதைக்கு அடியில் ஈரம் காயாத புல்லை அது மேயும்போது, மேலே போகும் ரயிலின் கண்ணாடியில் பள்ளிப் பிள்ளைகளின் மூக்குகள் ஒட்டிக்கொண்டு போகும். குளம்பு தரையில் பட்டாலும் சத்தம் வராது. அதன் கழுத்தில் முகம் புதைத்தால் காய்ந்த புல்லும் உப்பும் கலந்த வாசம். அந்த வாசத்தோடு கடைக்குப் போகும் நாளில் எந்த வாடிக்கையாளரும் எரிந்து விழுவதில்லை என்பதை மோகனப்பிரியா கவனித்திருந்தாள். எடைதான் இல்லையே தவிர, உடம்பு உடம்புதான். இந்த ஊர்ப் புழுக்கத்தில் தந்திக்கு வியர்ப்பது நின்றுபோனது. மத்தியானங்களில் ஈரத்துண்டு போர்த்த வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை பல்லை அராவ வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள செம்பவாங்கிலிருந்து குதிரை மருத்துவர் முனீரா வருவார். எடையைப் பற்றி அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு மாட்டுப் பொங்கலன்று மோகனப்பிரியா கடையில் இருந்தாள். சாவி அடுத்த வீட்டுப் பூவம்மாவிடம் இருந்தது. பொங்கலுக்குக் கட்டிவைக்கும் மாட்டைப் பார்க்க ஆண்டுதோறும் ரயிலேறித் தேக்காவுக்குப் போகிறோமே, நம் மாடியிலேயே நாலு கால் இருக்கும்போது எதற்கு அலைச்சல் என்று பூவம்மாவுக்குத் தோன்றியது. தந்தியின் நெற்றியில் குங்குமம் வைத்தார். கொம்பு இல்லாததால் குளம்புகளுக்குச் சாயம் அடித்தார். பிறகு வாசல் வாசலாக நடத்திக் கூட்டிப் போனார். பதினோரு வீடு, பதினோரு இலை சர்க்கரைப் பொங்கல், மேலே கரும்பு, வாழைப்பழம். தந்தி எதையும் வேண்டாமென்று சொல்லவில்லை.

பதினொரு மணிக்குக் கைப்பேசி அடித்தது.

"மோகனா, தந்தி வயித்தையே திரும்பித் திரும்பிப் பாக்குதும்மா. கால வேற ஒதைக்குது." என்றார் பூவம்மா. "அப்புறம், அது நடந்தா சத்தம் கேக்குது."

மோகனப்பிரியா முனீராவை அழைத்துச் சொல்லிவிட்டு டாக்சி பிடித்தாள். முனீரா அவளுக்கு முன்பே வந்திருந்தார். தந்தி காரிடாரில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அதன் குளம்புக்கடியில் தரை ஓடு ஒன்று விரிசல் விட்டிருந்தது. பந்தயக் காலத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிலோவும் திரும்பி வந்திருந்தன.

முனீரா வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். "குடல்ல ஒரு சத்தமும் இல்ல. என்ன குடுத்தீங்க?"

"பொங்கல்தான் டாக்டர். மாட்டுக்குக் குடுக்கறதுதானே" என்றார் பூவம்மா.

"மாட்டுக்கு வயித்துல நாலு அறை, அக்கா. இதுக்கு ஒண்ணே ஒண்ணு. வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ள போனது பின்னாடிதான் வந்தாகணும். வரலன்னா சாயங்காலம் தாங்காது."

கீழே இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய மின்தூக்கி அது. எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்தைந்து கிலோ. குதிரை மட்டும் ஏறினால் தாங்கியது. மோகனப்பிரியா ஒரு காலை உள்ளே வைத்ததும் மணி அலறியது. தனியாகக் குதிரையை அனுப்ப முடியாது. படிக்கட்டில் இறங்கத் தந்தி மறுத்துவிட்டது.

எதிர்வீட்டு நாகூர் கனி மின்தூக்கியை எட்டிப் பார்த்தார். தேக்காவில் முப்பது வருடம் மளிகைக்கடை வைத்திருந்தவர், கனத்த உடம்பு. "என்னைய அந்தக் கணக்குல சேக்காதீங்க லா. நான் ஒருத்தனே ரெண்டு ஆளு." யாரும் சிரிக்காததால் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "தங்கச்சி, கயித்தக் குடு. என்ன செய்யணும்?"

முனீரா வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். படுத்து உருண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும், அதனால் விட்டு விட்டு நடத்துங்கள் என்றார். அந்தக் காரிடார் அறுபத்துநான்கு மீட்டர். போனார்கள், வந்தார்கள். மோகனப்பிரியா கை மரத்தபோது கனி வாங்கிக்கொண்டார். கனி மூச்சு வாங்கியபோது நாலாம் வீட்டுக்காரர். எட்டாம் மாடியிலிருந்து சத்தம் என்று புகார் சொல்ல வந்த பெண் இரண்டு சுற்று நடத்திவிட்டுப் போனாள். பூவம்மா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

மூன்று மணிக்குத் தந்தியின் முன்கால்கள் மடிந்தன. மோகனப்பிரியா கயிற்றை இழுத்தாள். ஐந்நூறு கிலோ எழவில்லை. அவள் அதன் காதோரம் குனிந்து, "எழுந்திரு. எழுந்திருடி, எனக்காக" என்றாள். அப்போது கதவு திறந்தது. பூவம்மா வெளியே வந்தார், கண் சிவந்திருந்தது.

"திட்டறதுன்னா அப்புறம் திட்டு. இப்பத் தள்ளு."

ஒருவர் தள்ள, ஒருவர் இழுக்க, தந்தி எழுந்தது. அதன் பிறகு பூவம்மா கயிற்றை யாரிடமும் கொடுக்கவில்லை. வெயில் காரிடாரின் மறுமுனைக்கு நகர்ந்தது. யார் வீட்டிலோ வைத்த ஊதுபத்தி எல்லார் தலைக்கு மேலும் ஒரே கோடாக நின்றது. குளம்பொலி மட்டும் போவதும் வருவதுமாக இருந்தது.

ஐந்து மணி ஆகப் பத்து நிமிடம். முனீரா வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடினார். மழைக்கு முந்திய இடி மாதிரி உள்ளே ஏதோ உருண்டது. தந்தி வாலைத் தூக்கி, பூவம்மா வாசல் கோலத்தின் நட்டநடுவில் சாணம் போட்டது. கனி "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பூவம்மா உள்ளே போய் ஒரு சாமந்திப் பூ எடுத்து வந்து அதன் மேல் செருகினார்.

திரும்பி நடத்தியபோது குளம்பொலி தேய்ந்திருந்தது. கனி வீட்டு வாசலில் தட்டுப்பட்டது, கடைசி வீட்டு வாசலில் கேட்கவில்லை. மோகனப்பிரியா தந்தியை மின்தூக்கிக்குள் கூட்டிப் போனாள். முனீரா ஏறினார், பூவம்மா ஏறினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு கனியும் ஏறினார். மணி அடிக்கவில்லை. புல் தரைக்கு இறங்கினார்கள்.

சித்திரையில் மின்தூக்கியைப் பழுதுபார்க்க வந்தவர்கள் புதிய பலகை மாட்டினார்கள். எட்டுப் பேர், ஒரு குதிரை என்று அதில் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு காகிதத்தில் பூவம்மாவின் கையெழுத்து: பொங்கல் கொடுக்காதீர்கள், காரட் ஒன்று போதும்.