மல்லாக்கப் போட்ட வண்டி

ஒரகடம் கம்பெனியில் ஒரு ஷிப்டுக்கு நானூறு மோட்டாரைச் சோதிப்பது என் வேலை. சுவிட்சைத் தட்டும் முன் "கை எடுத்தாச்சா?" என்று கேட்டுவிடுவேன். லைனில் எல்லாரும் சிரிப்பார்கள். தண்டலம் காலேஜில் படித்தபோது, ரோபோ டீமில் ஜோயல் பழக்கிவிட்டது அது.

மூன்றாம் வருஷப் போட்டியில் எங்கள் ரோபோ வண்டியை ரிமோட்டில் ஓட்டியது அவன். ஒயர் மாட்டியது நான். அன்று காலை ஒயர் கழன்றுகொண்டது. வண்டியை மேஜையில் மல்லாக்கப் போட்டு, எல்லாவற்றையும் புதிதாக மாட்டி, சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றவிட்டுப் பார்த்தேன். தரையில் ஓட்டிப் பார்க்க நேரமில்லை. முதல் சுற்றிலேயே வண்டி எதிர்ப்பக்கம் திரும்பி மேடையிலிருந்து விழுந்தது.

எனக்கு வாய் நீளம். பஸ்ஸில் அத்தனை பேர் முன்னாலும், ஓட்டத் தெரியாதவனுக்கு ரிமோட் எதற்கு என்று கத்தினேன். தன் கைதான் தப்பு என்றான். கடைசி வருஷம் முழுக்க அவனுக்குக் 'கவுத்துட்டான்' என்றே பேர். அவன் ரிமோட்டை மறுபடி தொடவில்லை. நாங்கள் பேசிக்கொள்ளவும் இல்லை.

போன சனிக்கிழமை, காலேஜ் லேப்பைக் காலி செய்கிறார்கள், வேண்டியதை எடுத்துக்கொள் என்று எங்கள் டீமைப் பார்த்துக்கொண்ட சசிகலா மேடம் கூப்பிட்டார். அலமாரியடியில் வண்டி தூசி படிந்து கிடந்தது. ஒரே டப்பாவில் நாலு பேர் தின்ற எலுமிச்சை சாதம்கூட ஞாபகம் வந்தது. பேட்டரி மாட்டி, தரையில் வைத்து, ரிமோட்டின் இடது லீவரைத் தள்ளினேன். வலது சக்கரம் சுற்றியது.

மல்லாக்கக் கிடக்கும்போது என் இடக்கைப் பக்கம் இருப்பது வண்டிக்கு வலது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரிய ஆறு வருஷம் ஆனது.

வெட்கத்தை விட்டு ஜோயலுக்குப் போன் போட்டேன். "ஒயர நான்தான் மாத்தி மாட்டிக்கீறேன்."

"தெரியும் இசை. அன்னிக்கி திரும்பி வந்து லேப்புல எறக்கி வெச்சப்பவே பாத்துட்டேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"டீம்ல நீ ஒருத்திதான் பொண்ணு. சொல்லிருந்தா அப்புறம் உன்ன மோட்டார் கிட்டயே வுட்டுருக்க மாட்டானுங்க."

மறுநாள் வீட்டுக்கு வந்தான். லேப்பிலிருந்து எடுத்து வந்த வண்டியில் ஒயரைச் சரியாக மாட்ட ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்றான். இரண்டு கையையும் குறுக்கே மாற்றிப் போட்டு லீவர்களைப் பிடித்தான்.

"கை எடுத்தாச்சா?"

தலையாட்டினேன். அழுதுகொண்டிருந்தேன். வண்டி அவன் நினைத்த பக்கமெல்லாம் திரும்பியது.