அண்ணன் வேண்டாம் என்ற பங்கு

மயக்க மருந்து டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் யாரையும் கேட்டு முடிவெடுத்ததில்லை. மேசையில் கிடப்பவரின் நாடி தடுமாறினால், கத்தியும் கையுமாக நிற்கும் சர்ஜனையே "கொஞ்சம் நிறுத்துங்க" என்று நிறுத்திவிடுவாள். பணம் என்று வந்தால் மட்டும் அண்ணன் சொல்வதுதான். அப்பா போன பிறகு அந்த வீட்டின் முறை அது. அவள் கணவர்கூட மச்சானைக் கேட்காமல் எதிலும் பணம் போட்டதில்லை.

இப்போது கணவரும் இல்லை. அவர் விட்டுப்போன பணம் வங்கியில் சும்மா கிடந்தது. பல மாதம் படித்துப் பார்த்து, மூன்றில் ஒரு பங்கைப் பங்குச்சந்தை ஃபண்டில் போடலாம் என்று தெளிந்தாள். நெடுநாள் தொடத் தேவையில்லாத பணம். முறைப்படி அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்? கரப்பான்பூச்சிக்குப் பயந்து கட்டில் மேல ஏறி நின்னவதானே நீ?"

"அது அஞ்சாம் கிளாஸ்லண்ணா."

"பூச்சி மாறும், ஆள் மாறாது. ஃபிக்ஸட் டெபாசிட்ல போட்டுட்டு நிம்மதியா தூங்கு."

யாரோ சொன்னார்கள் என்று மொத்தச் சேமிப்பையும் ஒரே கம்பெனியில் கொட்டிக் கையைச் சுட்டுக்கொண்டவர் அவர். அதைச் சொல்லிக்காட்ட அவளுக்கு ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை. மூத்தவர் சறுக்கியதை எடுத்துப் பேசும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. அது சரி என்றுதான் அவளும் நினைத்தாள்.

மறுநாள் தானே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

"வீட்டுல கேட்டுட்டீங்களா மேடம்?" என்றாள் வங்கிப் பெண்.

"கேட்டாச்சு."

முதலில் ஃபண்டின் விலை ஏறியது. டியூட்டி முடிந்து வந்தவள், சொல்ல ஆளில்லாமல், சாப்பிட்ட ஒற்றைத் தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு மளமளவென்று சரிந்தது. அதையும் சொல்ல ஆளில்லை. போட்ட கணக்கு தப்பில்லை என்று புத்திக்குத் தெரிந்தது, ஆனாலும் நடுராத்திரியில் எழுந்து விலையைப் பார்த்தாள். ஆபரேஷன் தியேட்டரில் இப்படிக் கலங்கினால் பக்கத்தில் ஒரு நர்ஸாவது நிற்பாள்.

அந்த வாரம் அண்ணனே கூப்பிட்டார்.

"சந்தை படுத்துடுச்சாம், பார்த்தியா? நல்லவேளை, என் பேச்சைக் கேட்டே." அவர் குரலில் இந்தத் தெம்பைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

"ஆமாண்ணா."

"நான் இல்லைன்னா என்ன பண்ணியிருப்பே?"

"தெரியலண்ணா."

"அதான் சொல்றேன். எதுன்னாலும் என்னைக் கேளு."

"சரிண்ணா" என்று போனை வைத்தாள். பிறகு, விழுந்துகிடந்த விலையில் அதே ஃபண்டில் இன்னும் கொஞ்சம் வாங்கினாள்.