ராகும் இல்லாத மேசை

வியாழக்கிழமை இராஜரத்தினம் சார் வந்து போனதிலிருந்து முருகையாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சார், மலேசியாவின் ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் செயலாளர். யாழ்ப்பாண வழி வந்தவர்; தொழில்நுட்பப் பள்ளியில் முப்பது வருஷம் மர வேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சன்னதிக்குப் புதுக் கதவு செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்த வேலையை முருகையாவின் மனைவி பஞ்சாலை கேட்டிருந்தாள். இதுவரை அவள் செய்ததெல்லாம் கோழிக்கூடு, சாமி மேடை, நாலைந்து பெஞ்சி. ஊரே கும்பிட்டு நிற்கும் கதவு ஒன்றைத் தன் கையால் செய்துவிட வேண்டுமென்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

அவளுடைய மேசையைப் பார்த்ததும் சாரின் முகம் மாறிவிட்டது. இடித்த லயத்து வீட்டுப் பலகைகளை நாலு கட்டைக் காலில் அறைந்த மேசை அது. ஓரத்தில் ராகும் இல்லை. பலகையை இறுக்கிப் பிடிக்கிற இரும்புத் தாடைக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் பெயர் அதுதான். தோட்டத்திலும் அதே பெயர்தான் புழக்கம்.

"ராகும் இல்லாமல் கதவு வேலையோ, பிள்ளை?" என்றார் சார். "மரம் ஒரு நூல் அசைஞ்சாலும் மூட்டு கோணிப்போகும். ஞாயிற்றுக்கிழமை வாறன். என்ட கண்ணுக்கு முன்னால ஒரு மூட்டு செய்து காட்டும்."

பஞ்சாலை சரியென்று தலையாட்டினாள். ராகும் எதுவும் தேடவேண்டாம் என்று புருஷனிடமும் சொல்லிவிட்டாள். முருகையாவால் சும்மா இருக்க முடியவில்லை. சுவா ஊரில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் கூட்டாளி சந்திரனுக்கு, செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரியை ஓட்டிக்கொண்டே குரல் செய்தி அனுப்பினான். கோயில் காரியம், ஞாயிறு காலை கட்டாயம் ஒரு ராகும் வேண்டும் என்று.

ஞாயிறு காலை சந்திரன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, துண்டில் சுற்றிய பெட்டியைக் குழந்தையை இறக்குவதுபோல் இறக்கினான். துண்டைப் பிரித்தால் சுருதிப் பெட்டி.

"என்னடா இது?"

"ராகம் வேணும்னியேலா. கோயில் காரியம்னு வேற சொன்ன. எங்க பஜனைக் குழுவுல கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். யாரு பாடுறா?"

பஞ்சாலை மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க ரெண்டு பேரும் பாடுங்க. பலகைய நான் பிடிச்சுக்கிறேன்."

முருகையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேறெங்கும் போய்த் தேட நேரமும் இல்லை. சாரின் கார் வந்து நின்றுவிட்டது.

பஞ்சாலை ஒரு மெரந்தி மரச் சட்டத்தை எடுத்து மேசைமேல் படுக்கவைத்தாள். மேசையின் கோடியில் மெல்லிய ரீப்பர் ஒன்றைக் குறுக்கே அறைந்திருந்தாள். சட்டத்தின் முனை அதில் போய் முட்டியது. இழைப்புளி தள்ளத் தள்ளச் சட்டம் இன்னும் அழுத்தமாக முட்டிக்கொண்டதே தவிர, நகரவில்லை. பக்கவாட்டை இழைக்க அதை நிமிர்த்தி, மீன் வாயைப்போல் வெட்டிய ஒரு கட்டையின் பிளவுக்குள் செருகி, இடைவெளியில் ஓர் ஆப்பை வைத்து ஒரே தட்டு. சார் கிட்டே வந்து இரண்டு கையாலும் சட்டத்தை ஆட்டிப் பார்த்தார். மேசைதான் ஆடியது.

"துளை போடேக்க என்ன செய்வீர்? உளி அடிக்கிற அடியில துள்ளுமே."

அவள் சட்டத்தை உருவி மறுபடி மேசைமேல் படுக்கவைத்தாள். மேசையில் இருந்த இரண்டு ஓட்டைகள் வழியாகக் கயிறு ஒன்று கீழே தொங்கியது. அதன் மேல் வளைவைச் சட்டத்தின்மேல் போட்டு, கீழ் வளையத்தில் வலது காலை நுழைத்து மிதித்தாள். சட்டம் மேசையோடு ஒட்டிக்கொண்டது. உளி இறங்கியது; சில்லுகள் பறந்தன. சட்டத்தைத் திருப்ப வேண்டியபோது காலைக் கொஞ்சம் தூக்கினாள், திருப்பினாள், மறுபடி மிதித்தாள். கை இரண்டும் வேலையை விட்டு நகரவே இல்லை. பன்னிரண்டு வருஷமாக அவளோடு குடும்பம் நடத்துகிற முருகையா, அவளுடைய கால் வேலை செய்வதை அன்றுதான் கவனித்தான். ராகும் தேடித் தவித்த தன்னை நினைக்க அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

இன்னொரு சட்டத்தில் நாக்கு அறுத்து, துளைக்குள் தட்டி இறக்கி, சாரிடம் நீட்டினாள். அவர் மூட்டை வெயிலுக்கு நேரே பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். எங்கேயும் வெளிச்சம் கசியவில்லை.

"இதெல்லாம் ஆர் காட்டித் தந்தது?"

"யாரும் இல்ல சார். மரம் எந்தப் பக்கம் ஓடப் பாக்குதோ, அந்தப் பக்கம் எதையாவது வச்சேன். அவ்வளவுதான்."

சார் சப்பாத்தைக் கழற்றினார். கயிற்று வளையத்தில் காலை விட்டு மிதித்து, உளியால் நாலு அடி அடித்துப் பார்த்தார். முப்பது வருஷ வாத்தியாரின் முகம் முதல் வகுப்புப் பையனின் முகம்போல் விரிந்தது.

"செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு வந்து நிலையை அளந்துகொண்டு போம்," என்றார். "ஏழடிக் கதவு. மரம் நான் அனுப்புறன்."

கார் போனதும் முருகையா அவளிடம் பெரிதாக ஏதோ சொல்ல வேண்டுமென்று வார்த்தை தேடினான். அதற்குள் அவள் அளவு நாடாவை மேசைமேல் இழுத்துவிட்டாள். ஐந்தடிதான் இருந்தது; ஏழடிக் கதவைக் கிடத்த இன்னும் இரண்டடிப் பலகை வேண்டும். ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துக்கொண்டு சமைக்கிற குசினிப் பக்கம் நடந்தாள். அவன் பின்னால் போய்ப் பார்த்தபோது குசினிக் கதவின் கீலைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

முருகையா ஸ்க்ரூக்களை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான்.