பிரேமினிக்கு லீவு கிடைத்தது

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. போர்வையை இழுத்து மூடிக்கொள்ளுங்கள், பனி இறங்குகிறது. கதை எழுதுகிற ஒருத்தியின் கதையை உங்களுக்குச் சொல்கிறேன். பாதியில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். பாதிக் கதை மனசில் முள்ளாய்க் கிடக்கும்.

ஹட்டனிலிருந்து பஸ் ஏறிப் போகிற ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பிள்ளைக் காம்பராவில் அம்மாக்கண்ணு வேலை பார்த்தாள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப் போகும் குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுப்பதும் தொட்டிலாட்டுவதும்தான் வேலை. மத்தியானம் பிள்ளைகள் கண்ணயர்ந்ததும் எழுத உட்காருவாள். படித்தது ஐந்தாம் வகுப்பு. வடை சுற்றி வந்த தாளைக்கூட விடாமல் வாசித்து வாசித்தே எழுதப் பழகியவள். அவள் கதைகள் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்தன. கதைக்கு ஆள் தேடி அவள் எங்கேயும் போனதில்லை. லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கிற ஆட்களையே பெயர் மாற்றிக் கதையில் உட்கார வைப்பாள்.

குழாயடியில் அவள் தலை தெரிந்தால் போதும். "வாய மூடுங்கடி, அக்கா வர்றாங்க! நம்ம சண்ட பேப்பர்ல வந்துரும்" என்பார்கள்.

"ஒங்க சண்டைய எழுதுனா பேப்பர்காரனுக்குப் பக்கம் பத்தாதுடி" என்பாள் அவளும்.

அப்புறம் அந்தப் புயல் மழை வந்தது. விடிகிற நேரத்தில் மேடு சரிந்து, மேல் லயத்தின் கோடி வீடுகள் மண்ணுக்குள் போயின. அதில் ஜெயந்தினியின் வீடும் ஒன்று. அவள் நல்லதண்ணி என்கிற ஊரில் தங்கச்சி வீட்டில் இருந்தாள். புருஷன் யோகேஸ்வரன் ஃபெக்டரியில் வேலையாய் நின்றான். ஹட்டன் துணிக்கடையில் வேலை பார்த்த ஒரே மகள் பிரேமினி, லீவில் வந்தவள், வீட்டில் தனியாக இருந்தாள். பெக்கோ இயந்திரத்தை வைத்துத் தோண்டினார்கள். மற்ற எல்லாருடைய உடலும் கிடைத்தது. பிரேமினி கிடைக்கவில்லை.

வீடிழந்த எல்லாரையும் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். ஜெயந்தினி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஒருநாள் நேரே அம்மாக்கண்ணுவிடம் வந்தாள்.

"அக்கா, தோட்டத்துல உள்ள அத்தன பேரையும் எழுதுறீங்க. எம்புள்ளையையும் எழுதுங்க. அவ லீவுல வரல. கடையிலதான் நிக்கிறா. அப்பிடி எழுதுங்க."

மாட்டேன் என்று சொல்ல அம்மாக்கண்ணுவுக்கு வாய் வரவில்லை. எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசித்துக் காட்டினாள். கதையில் பிரேமினி கடையில் சேலை விரித்துக் காட்டினாள், கூட்டாளிப் பெண்ணோடு ரொட்டி தின்றாள், முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கினாள்.

"சளி புடிக்காம இருக்காளா?" என்று கேட்பாள் ஜெயந்தினி.

"அதெல்லாம் நல்லா இருக்கா."

இத்தனை வருசம் எழுதியவளுக்குத் தெரியும், யாருக்காவது ஏதாவது ஒன்று தவறிப்போகாமல் கதை நகராது என்று. இந்தப் பிள்ளைக்கோ ஒரு தலைவலிகூட வரக்கூடாது. கதை செத்துக்கொண்டே வந்தது. அது தெரிந்தும் அவள் எழுதினாள். அந்தத் தாய் அதைக் கேட்டுவிட்டுத்தான் இரண்டு வாய் சோறு தின்கிறாள் என்பது போதுமாக இருந்தது.

ஒரு மத்தியானம் யோகேஸ்வரன் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, புள்ளைக்கி இன்னும் கருமாதி செய்யல. செய்ய விடமாட்டேங்கிறா. வேலைக்கிப் போற புள்ளைக்கி என்னாய்யா கருமாதின்னு என்னைய அடிக்க வர்றா. தண்ணி குடுக்க ஆளில்லாம எம்புள்ள அந்த மண்ணுக்குள்ள..." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க ஆரம்பிச்சது. நீங்கதான் முடிக்கணும்."

"எங்கையால எப்பிடித் தம்பி?"

"எத்தன பேர எழுதிக் கொன்னிருக்கீங்க" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னான்.

உண்மைதான். அவள் கதைகளில் சாவு வந்தால் லயமே அழும். இந்தச் சாவுக்கு மட்டும் கை எழவில்லை. காய்ச்சல் என்று எழுதிக் கிழித்தாள். பஸ் புரண்டது என்று எழுதிக் கிழித்தாள். செத்த பிள்ளைக்கு இன்னொரு பொய்ச் சாவைக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. கடைசியில், பிரேமினிக்கு லீவு கிடைத்தது என்று எழுதினாள்.

அந்த ஞாயிறு ஜெயந்தினி முகம் மலர்ந்து கேட்டாள். "வர்றாளா? அப்பனுக்கு என்னா வாங்கிட்டு வர்றா?"

"உடுத்தச் சாரம் ஒண்ணு. ஒனக்குச் சீட்டித் துணி."

"காசக் கரியாக்குறா, பாருங்க!"

அம்மாக்கண்ணு மேலே வாசித்தாள். பிள்ளை படியேறி வந்தாள், கதவைத் திறந்தாள், வீட்டில் யாரும் இல்லை, அடுப்பு மூட்டினாள், வெளியே தூற ஆரம்பித்தது.

"மழையாக்கா?"

"மழதான் ஜெயந்தி."

ஜெயந்தினி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"பயந்தாளாக்கா?"

அம்மாக்கண்ணுவின் தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. எல்லார் மனசுக்குள்ளும் நுழைந்து எழுதியவள், அங்கே மட்டும் நுழையவில்லை.

"எனக்குத் தெரியாது. அத நா எழுதல" என்றாள்.

"தூங்குனா. எழுதுங்க. எம்புள்ள தூங்குனா இடி விழுந்தாலும் தெரியாது. ஒருக்களிச்சுதான் படுப்பா. கைய கன்னத்துக்குக் கீழ வச்சுக்குவா. போர்வைய காலால ஒதைச்சிருவா, நாந்தான் இழுத்துப் போத்தணும்... நா அங்க இல்லியேக்கா, அன்னிக்கி யாரு போத்துனா?"

அப்போதுதான் அவள் அழுதாள். மண்டபத்தில் இருந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மாக்கண்ணு அந்தத் தாய் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள்.

அடுத்த கிழமை ஆற்றோரத்தில் கருமாதி நடந்தது. உடல் இல்லாததால் தர்ப்பையில் ஒரு உருவம் கட்டி வைத்தார்கள். யோகேஸ்வரன் தண்ணீர் விட்டான்.

பேப்பரிலிருந்து போன் வந்தது. புயலைப் பற்றி ஒரு கதை கேட்டார்கள். "எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க ஐயா" என்றாள் அம்மாக்கண்ணு. அதன் பிறகு அவள் எதுவும் எழுதியதாக நான் கேள்விப்படவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயந்தினி வருவாள். வாசிக்க ஒன்றும் இருக்காது. இருவரும் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவார்கள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. போய் வாருங்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேடு அசையாமல் நிற்கட்டும். வெளியூர் போன பிள்ளைகள் இருட்டுமுன்னே படியேறி வரட்டும். அவர்கள் தூங்கும்போது போர்த்திவிட உங்கள் வீட்டில் எப்போதும் ஒரு கை இருக்கட்டும்.