தானாகக் குறையும் பச்சைக் கோடு

1

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். சாப்பாட்டு மேசையில் சுவரோர நாற்காலியில் அக்கா, மடிக்கணினியை முன்னால் வைத்துக்கொண்டு. அவளுக்கு எதிரே நான், தாளும் பேனாவும் அடிமட்டமுமாக. ஜன்னல் கட்டையில் அக்கா மகள், காலை மடக்கி. அத்தான் மேசைக்கு வரவில்லை. வாசல் கதவை ஒட்டி, செருப்பு மாட்டுவதற்காகப் போட்டிருக்கும் குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கப்பலிலிருந்து வந்த நாள் முதல் அவர் உட்காரும் இடம் அதுதான்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று நான் எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தில் நான்காவது கோரிக்கையை அடிக்க வேண்டியதாயிற்று. அடித்த வரி கடிதத்தை விட்டு வெளியேறி இங்கே வந்து நிற்கிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மறுநாள் காலைக்குள் அத்தான் கப்பல் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது: அடுத்த ஒப்பந்தத்துக்கு வருகிறாரா, இல்லையா. அக்கா “போகாதீங்க” என்று ஒரு தடவையும் சொன்னதில்லை. அவரும் “இருந்துடவா” என்று கேட்டதில்லை. இந்தக் கதையில் இருப்பது அவ்வளவுதான். வேறு எதையோ எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே எழுந்துகொள்ளலாம், நான் தவறாக நினைக்க மாட்டேன்.

2

முதல் முயற்சி: ‘வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.’ பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது முயற்சி: ‘அக்கா ஒரு வீட்டைப் பல வருடமாகக் காப்பாற்றி வருகிறாள், அந்த வீடோ —’ அழகாக வருகிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

மூன்றாவது முயற்சி, அலுவலகத்தில் எழுதுவது போல: கணினியில் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதில் யாரையும் சுட வேண்டாம், யாரையும் முந்த வேண்டாம். மனிதர்களை உண்டாக்கி, வீடு கட்டிக் குடிவைக்க வேண்டும். அவர்கள் சமைப்பார்கள், குளிப்பார்கள், சண்டை போடுவார்கள், வேலைக்குப் போவார்கள். ஒருவர் மேல் இன்னொருவருக்கு எவ்வளவு ஒட்டுதல் என்பதை ஒரு பச்சைக் கோடு காட்டும். பேசினால் தலைக்கு மேல் ஒரு ப்ளஸ் குறி வரும், கோடு நீளும். பேசாமல் விட்டால் தானாகக் குறையும்.

அக்கா, தன் மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதை விளையாடுகிறாள். காலையில் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. மாலையில் இந்த வீடு. அதில் குடியிருப்பவர்கள் இரண்டே பேர், அவளும் அத்தானும். நிஜ அத்தான் கப்பலில் எஞ்சின் அறைக்காரர். வருடத்தில் பாதிக்கு மேல் கடலில்தான். விளையாட்டில் கப்பல் வேலை கிடையாது. அதனால் அவரைத் தோட்டக்காரர் ஆக்கியிருக்கிறாள். பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்துவிடுவார்.

அந்த விளையாட்டுக் கம்பெனி புதுப் பதிப்பு கொண்டுவரப் போகிறதாம். பழைய ஆட்டக்காரர்கள் தங்கள் ஆசைகளை எழுதலாம் என்று அறிவித்திருந்தார்கள். அக்கா மின்னஞ்சல் போட்டாள். போட்ட கையோடு நன்றி வந்தது.

“படிக்காமயே நன்றி சொல்றான் தம்பி. நீ தாள்ல எழுது. தாளை ஒருத்தன் பிரிச்சாவது பாக்கணும்ல.”

நான் ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் வேலை பார்ப்பவன். தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காதவர்களை அறிவேன். ஆனாலும் எழுத உட்கார்ந்தேன்.

3

அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முடிந்து ‘மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்’ வரைக்கும் வந்தாயிற்று.

“மொத ஆசையச் சொல்லு.”

“அடுப்பு தீப்பிடிச்சா எல்லாரும் சுத்தி நின்னு கத்துறாங்க. ஒருத்தராவது தண்ணி எடுக்கப் போகணும்.”

“நம்ம வீட்டுலயும் அப்படித்தானேம்மா,” என்றாள் ஜன்னலிலிருந்து மகள்.

“நீ சும்மா இரு. ரெண்டாவது, சாப்பிட்ட தட்டக் குளியலறையில கொண்டுபோய்க் கழுவுறாங்க. சமையக்கட்டு பக்கத்துலயே இருக்கு.”

“அது தப்பில்ல. கப்பல்ல நாங்களும் அப்படித்தான்,” என்றார் அத்தான். எஞ்சின் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டவர். அவர் சாதாரணமாகப் பேசுவதே அதட்டல் மாதிரி இருக்கும்.

மூன்றாவதை அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். ‘பழைய பதிப்பில் கட்டிய வீடுகளை, அதில் இருக்கும் மனிதர்களோடு, புதுப் பதிப்புக்குக் கொண்டுவர வழி செய்ய வேண்டும்.’ கம்பெனி இதுவரை அதைச் செய்ததில்லை. ஒவ்வொரு முறையும் வெறும் மனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எல்லாரும் புதிதுக்குப் போன பிறகும் அக்கா பழையதிலேயே தங்கிவிட்டது அதனால்தான்.

“புதுசுல மூஞ்சியெல்லாம் எவ்வளவு நல்லா வருது தெரியுமா?” என்றாள் மகள்.

“மூஞ்சி வரும். பழகின மூஞ்சி வராது.”

நான்காவது: ‘தூரத்தில் இருப்பவரின் பச்சைக் கோடு தானாகக் குறையக் கூடாது.’

(இதை எழுதும்போது நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்ததாக எழுதினால் அத்தானின் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். எனக்குத் தெரியாது.)

4

“என்ன கோடு அது?” என்று அத்தான் கேட்டார்.

அவருக்குக் காட்டுவதற்காக மகள் இறங்கி வந்து ஆட்டத்தைத் திறந்தாள். அந்த மனிதர்கள் எந்த மொழியும் பேசுவதில்லை. ஏதோ ஒரு குழறல். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு அவசரமாகக் கதை சொல்வது போல இருக்கும். ஆட்டத்து அக்காவும் ஆட்டத்து அத்தானும் சோபாவில் உட்கார்ந்து அதைப் பேசத் தொடங்கினார்கள்.

அத்தான் முக்காலியிலிருந்து எழுந்து வந்தார். குனிந்து நல்ல காதை மடிக்கணினிப் பக்கம் வைத்தார்.

“இந்தச் சத்தமா அது?”

“எது?” என்றாள் அக்கா.

“நான் போன் பண்றப்பல்லாம் பின்னாடி கேக்குமே. டிவின்னு நெனச்சேன். ஏதோ வெளிநாட்டு நாடகம் பாக்குறியாக்கும்னு.”

கப்பலில் அவருக்கு மாலையில்தான் லைன் கிடைக்கும். மாலையில்தான் அவள் அந்த இரண்டு பேரையும் சோபாவில் உட்காரவைப்பாள்.

“கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்கன்னு சொல்லுவியே. இதுக்கா?”

“நடுவுல விட்டா கோடு எறங்கிடும்ங்க.”

“யார் கோடு?”

“உங்க கோடுதான்.”

யாரும் சிரிக்கவில்லை. (முதல் பிரதியில் மகள் சிரித்தாள். ஒருவர் சிரித்தால் மற்ற எல்லாரும் தப்பித்துவிடுகிறார்கள். எடுத்துவிட்டேன்.)

அத்தான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் அங்க என்ன பேசுறேன்?”

“அது புரியாதுங்க. ஆனா தலைக்கு மேல ப்ளஸ் வருது பாருங்க.”

“வருது,” என்றார். பிறகு, “போன்ல எனக்கு எப்பவாவது வந்துச்சா?” என்றார்.

5

இந்த இடத்தில் எனக்கு அக்காவின் மேல் சந்தேகம் வருகிறது. கதையில் வரும் அக்காவின் மேல். புருஷனைப் போனில் காக்கவைத்துவிட்டு, அதே புருஷனின் பொம்மையோடு ஒட்டுதலை ஏற்றிக்கொண்டிருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? நம்பினாலும் அவளை என்னவென்று நினைப்பார்கள்? ஒரு காரணம் வைத்துப் பார்த்தேன். ‘ஏனென்றால் போனில் அவர் —’ வேண்டாம். ‘ஏனென்றால் அவளால் ஏற்ற முடிந்த ஒரே —’ அதுவும் வேண்டாம். காரணம் இல்லாமலே விடுகிறேன்.*

“மச்சான், நாலாவதை அடி,” என்றார் அத்தான்.

“ஏன் அத்தான்?”

“ஆட்டத்தைச் செஞ்சவன் சரியாத்தான் செஞ்சிருக்கான். தூரத்துல இருந்தா குறையத்தான் செய்யும். குறையாதுன்னு வெச்சா அது பொய்யாட்டம்.”

“அப்ப தூரத்துல இருக்கறவங்க கதி?” அக்கா மேசையைப் பார்த்துக் கேட்டாள்.

“குறையறது தூரத்துல இருக்கறவனுக்கும் தெரியணும். அதக் கேளு. எனக்கு எந்தக் கோடும் தெரியல. போன் போட்டேன், நீ சாப்டேன்னு சொன்ன, எல்லாம் சரியா இருக்குன்னு படுத்தேன்.”

“தெரிஞ்சிருந்தா வந்திருப்பீங்களா?”

“கப்பல் நடுக்கடல்ல எனக்காக நிக்காது,” என்றார். “ஆனா கேட்டிருப்பேன்.”

“என்னன்னு?”

“எதுக்குக் கொஞ்சம் இருக்கச் சொல்றன்னு.”

நான் அடிமட்டத்தை வைத்து நான்காவது கோரிக்கையின் குறுக்கே கோடு போட்டேன். அடித்தல் உள்ள தாளை அனுப்ப எனக்குக் கை வராது. அதனால் கடைசித் தாளை இரண்டு விதமாகச் சுத்தப் பிரதி எடுத்தேன். ஒன்றில் அக்காவின் நான்காவது. மற்றதில் அத்தானுடையது: ‘தூரத்தில் இருப்பவருக்கும் கோடு குறைவது தெரிய வேண்டும்.’

———
* பிறகு அவளே சொன்னாள்: “சாப்டியாம்பாரு, சாப்டேம்பேன். நீங்கம்பேன், ஆச்சும்பாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் என்ன பேசறதுன்னு தெரியாதுடா. அங்கன்னா அவங்க பாட்டுக்குப் பேசிட்டே இருப்பாங்க.” கதைக்குள் இதை எங்கே வைத்தாலும் கனத்தது. இங்கே சின்ன எழுத்தில் இருக்கட்டும்.

6

பிறகொரு நாள், முடிவுகள் மூன்று எழுதி, அக்கா வீட்டிலேயே வாசித்துக் காட்டினேன்.

அ. அத்தான் கப்பல் வேலையை விட்டுவிடுகிறார். முக்காலியை விட்டு மேசைக்கு வருகிறார். “மாமா, குக்கர் விளம்பரம் மாதிரி இருக்கு,” என்றாள் மகள்.

ஆ. போய்விடுகிறார். அக்கா ஆட்டத்தில் அவர் கோட்டை விழவிடுகிறாள். “நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரியாடா?” என்றாள் அக்கா. அதற்கப்புறம் அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

இ. கம்பெனியிலிருந்து பதில் வருகிறது: ‘தங்கள் நான்காவது கோரிக்கை ஏற்கப்பட்டது.’ புதுப் பதிப்பில் தூரத்தில் இருப்பவனுக்கும் கோடு தெரிகிறது. தெரிந்து, அத்தனை வருடத்துக்கும் சேர்த்து அவன் இப்போது —

இந்த வாக்கியத்தை முடிக்கத்தான் அதிக நாள் உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை. வரப்போகும் பதிப்பில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆடி முடித்த ஆட்டத்துக்கு எந்தக் கம்பெனிக்கு எழுதுவது?

7

கடிதம் எழுதிய அன்று நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். கையில் மை. கழுவிவிட்டு வந்தபோது இரண்டு பிரதிகளில் ஒன்று உறைக்குள் போயிருந்தது. மற்றது அத்தானின் சட்டைப் பையில் மடித்திருந்தது. எது எங்கே என்று நான் கேட்கவில்லை. மகளுக்குத் தெரியும். சொல்ல மாட்டாள்.

அக்கா உறையின் வாயில் பசை தடவி மூடினாள். ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்துகிற அதே மாதிரி, கட்டைவிரலை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்தாள்.

“குடு, நான் போய்ப் போட்டுட்டு வரேன்.” அத்தான் முக்காலிக்கு அடியில் கால்விட்டுச் செருப்பைத் தேடினார்.

“கொஞ்சம் இருங்க,” என்றாள் அக்கா.

அவர் நின்றார். அவள் மடிக்கணினியை மூடினாள். சோபாவில் இருந்த இரண்டு பேரும் பாதிப் பேச்சில் நின்றுபோனார்கள். பிறகு அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நானும் மகளும் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தோம். தபால்பெட்டி தெருமுனையில், சலவைக்கடை வாசலில் இருக்கிறது. அதுவரைக்கும் அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். அவருடைய அதட்டல் குரல்கூட மேலே வரவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. யார் தலைக்கு மேலும் ஒன்றும் வரவில்லை. பெட்டியின் முன்னால் அக்கா உறையைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள். அவர் ஏதோ சொன்னார்.

என்ன கேட்டாள், என்ன சொன்னார் என்பதற்கு இங்கே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன். உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும்.

. . . . . . . . . . . . . . . . . . . .

. . . . . . . . . . . . . . . . . . . .

அத்தான் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தார். அக்கா கடிதத்தைப் போட்டாள்.